காலில் தொடங்கும் கலகம்

வயிற்றுக் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் படை நரம்புகளைத் தாக்கினால்? புனே கற்ற பாடம்.

முதலில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. அது நின்று ஒரு வாரம் கழித்துக் கால் விரல்களில் மதமதப்பு. மறுநாள் மாடிப்படி ஏற முடியவில்லை. பிறகு கைகள் சோர்கின்றன. சிலருக்கு மூச்சு விடக்கூட வென்டிலேட்டர் தேவைப்படுகிறது.

2025 ஜனவரியில் புனேயின் சின்ஹகட் சாலை வட்டாரத்தில் பலருக்கு அடுத்தடுத்து நேர்ந்தது இதுதான். கில்லன்-பாரே சிண்ட்ரோம், சுருக்கமாக ஜி.பி.எஸ்., வழக்கமாக ஆண்டுக்கு லட்சத்தில் ஓரிருவருக்கு மட்டுமே வரும். புனே பகுதியிலோ இரண்டே மாதத்தில் 200-க்கும் மேற்பட்டோர் இந்த அறிகுறிகளுடன் பதிவானார்கள். உயிரிழப்புகளும் நேர்ந்தன.

1916-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் மூவர், இரண்டு ராணுவ வீரர்களிடம் கண்டு விவரித்த நோய் இது. தொற்றுநோய் அல்ல, ஆனால் பெரும்பாலும் ஒரு தொற்றுக்குப் பின்னால் வருகிறது. புனே நோயாளிகள் சிலரின் மலத்தைச் சோதித்தபோது கேம்பைலோபாக்டர் ஜெஜூனி என்ற பாக்டீரியா சிக்கியது. அசுத்தமான தண்ணீர், சரியாக வேகாத கோழிக்கறி வழியாகப் பரவும் கிருமி.

கோளாறு ஆள்மாறாட்டத்தில் இருக்கிறது. இந்தக் கிருமியின் மேலுறையில் உள்ள சில மூலக்கூறுகள், நரம்புகளின் மீதுள்ள கொழுப்புப் பொருளை அச்சாக ஒத்திருக்கின்றன. கிருமியை அழிக்க உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள்கள் நரம்பையும் எதிரியாக நினைத்துப் பாய்கின்றன. கிருமி தொற்றியவர்களில் சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கே இப்படி ஆகிறது. ஆனால் ஊரே ஒரே தண்ணீரைக் குடிக்கும்போது அந்த ஒருவர் பலராகிறார்.

சிகிச்சை உண்டு. ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றலாம். அல்லது இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்தை ஏற்றலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன் தருபவை. இரண்டு வாரத்துக்குள் தொடங்குவது முக்கியம். ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் பயனில்லை. ஊசி மருந்து தானம் பெற்ற ரத்தத்திலிருந்து தயாரிக்கப்படுவதால் விலை அதிகம்: 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 கிராம் தேவை. பில் லட்சங்களைத் தொடும். பெரும்பாலானோர் எழுந்து நடந்துவிடுகிறார்கள். ஆனாலும் ஆறு மாதத்துக்குப் பிறகும் ஐந்தில் ஒருவருக்கு நடக்கத் துணை வேண்டியிருக்கிறது.

பாதிப்பு மிகுந்த நாந்தேட், கிர்கட்வாடி போன்றவை 2021-ல் புனே மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட 23 கிராமங்களில் அடங்கும். அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. ஆனால் சுத்திகரிப்பு நிலையத்தின் தண்ணீர் வந்துசேரவில்லை. கிணற்று நீரில் குளோரின் கலந்து விநியோகம் நடந்தது.

நோய் பரவிய பிறகு மத்தியக் குழு வந்தது, இலவச சிகிச்சை அறிவிக்கப்பட்டது, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி மக்களுக்குச் சொல்லப்பட்டது. கடைசி யோசனை மலிவானது, பலனுள்ளது. ஆனால் குழாயில் நல்ல தண்ணீர் தரவேண்டிய பொறுப்பை அது குடும்பத்தலைவியின் அடுப்புக்கு மாற்றிவிடுகிறது.