அயலிடத்தில் எழுந்த குரல்

புகாரிலிருந்து கணவனோடு மதுரைக்கு வந்தவள் கண்ணகி. அறிமுகமற்ற அந்நகரில் கணவனை இழந்தபின், பாண்டியன் அவையில் தனித்து நின்று நீதி கேட்டாள். மணமான பெண் வேற்றிடத்தில் தன் குரலை எவ்வாறு கண்டடைகிறாள் என்னும் வினாவைச் சிலப்பதிகாரம் அன்றே எழுப்பியது. இக்காலத்தில் அதே வினாவைத் திரைக்கலையும் எழுப்புகிறது. இரண்டு படங்களின்வழி இதனைக் காண்போம்.

மதுரையில் பிறந்த மணிரத்னம் இயக்கிய 'ரோஜா' 1992ஆம் ஆண்டு வெளிவந்தது. திருநெல்வேலிச் சீமையின் சிற்றூரில் வளர்ந்த ரோஜா, மணமானதும் கணவனுடன் காஷ்மீர் செல்கிறாள். அங்கே கணவன் கடத்தப்படுகிறான். அவ்விடத்து மொழி அவளுக்குத் தெரியாது. எனினும் படை அதிகாரியிடமும் அமைச்சரிடமும் அஞ்சாது வாதிடுகிறாள். மொழியறியாமை அவளுக்குத் தடையாகிறது. ஆனால் அவள் வாயை அடைத்துவிடவில்லை.

சிவகாசி அருகிலுள்ள மீனம்பட்டியில் பிறந்த ஸ்ரீதேவி, நெடிய இடைவெளிக்குப்பின் நடித்த படம் 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' (2012). இதனை இயக்கியவர் கௌரி ஷிண்டே. படத்தின் நாயகி சசி, வீட்டிலேயே லட்டு செய்து விற்பவர். ஆங்கிலம் தெரியாததால் கணவனும் மகளும் அவரை எள்ளுகின்றனர். அக்காள் மகளின் திருமணத்திற்காகத் தனியே நியூயார்க் செல்லும் அவர், எவரும் அறியாமல் நான்கு வார ஆங்கில வகுப்பில் சேர்கிறார். தம் லட்டு விற்பனையைப் பற்றி அங்கே கூறும்போது, ஆசிரியர் அவரைத் தொழில்முனைவோர் என்று அழைக்கிறார். வீட்டார் கைப்பக்குவமாக மட்டுமே கண்டதை, அயலார் ஒருவர் தொழிலாக மதிக்கிறார். சசி தம்மைத் தாமே மதிக்கத் தொடங்குவது அப்போதுதான்.

கண்ணகியும் ரோஜாவும் கணவனுக்காகக் குரல் எழுப்பினர். சசியோ தமக்காகப் பேசக் கற்கிறார். அதற்காக அவர் குடும்பத்தைத் துறக்கவில்லை. திருமண விழாவில் எழுந்து, தாம் கற்ற ஆங்கிலத்தில், குடும்பத்தில் ஒருவரையொருவர் எள்ளாது மதிக்க வேண்டும் என்று பேசுகிறார். கேட்டிருக்கும் கணவனும் மகளும் தலைகுனிகின்றனர். அவர் வேண்டியது விடுதலையன்று, மதிப்பு. விடுதலை அம்மதிப்பின் உடன்விளைவாகவே வருகிறது.

தாயகம் திரும்பும் வானூர்தியில், தம் மொழி நாளிதழ் உள்ளதா என்று சசி ஆங்கிலத்திலேயே கேட்கிறார். பிறமொழி கற்றவர் தம் மொழியைக் கைவிடவில்லை. தம் மொழியைப் பற்றிய கூச்சத்தையே கைவிட்டார். பிறமொழி அறியாமையை இழிவெனக் கருதும் இல்லங்கள் இன்றும் உள்ளன. நம் இல்லத்துத் தாயரின் உழைப்பையும் அறிவையும் நாம் எம்மொழியால் அளக்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க இப்படம் தூண்டுகிறது.