குதிரை வளர்க்கும் குடும்பத்தாருக்கு



வண்டி ஓட்டுவோர், ஊட்டி, கொடைக்கானலில் சவாரிக் குதிரை நடத்துவோர், கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை அனுப்புவோர், ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை பிடித்து வருவோர் ஆகிய எல்லோர் வீட்டிலும் குதிரை சோறு போடும் பிராணி. ஆனாலும் அது ஓர் ஆளின் எடையைப்போல் பல மடங்கு எடை உடையது. அதன் உதை விலாவில் பட்டால் எலும்பு முறியும். தலையில் பட்டால் உயிரே போகலாம். சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டால் குடும்பமே படுத்துவிடும். ஆகவே கணவன் மனைவி இருவரும் இதைச் சேர்ந்து படியுங்கள்.

குதிரை ஏன் உதைக்கிறது?

"நம்ம குதிரை சாது, ஒண்ணும் பண்ணாதுங்க" என்பார்கள். சாதுக் குதிரையும் பயந்தால் உதைக்கும். அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆனால் வாலுக்கு நேர் பின்னே நிற்பவரும், நெற்றிக்கு நேராக மிக அருகில் நிற்பவரும் அதற்குத் தெரிவதில்லை. தெரியாத பக்கத்திலிருந்து திடீரென்று கை பட்டால் மிரளும். காதைப் பின்னால் மடக்குவதும், வாலை வேகமாகச் சுழற்றுவதும், பின்னங்காலைத் தூக்குவதும் "கிட்டே வராதே" என்று அது சொல்லும் அடையாளங்கள்.

செய்ய வேண்டியவை

1. பேச்சுக் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாக அணுகுங்கள். முதலில் கழுத்தைத் தடவுங்கள்.

2. பின்பக்கம் போக வேண்டுமானால் உடம்பில் கையை வைத்தபடி ஒட்டியே நடங்கள். இல்லையேல் உதை எட்டாத தூரத்தில் சுற்றிப் போங்கள். பாதித் தூரம்தான் மிகவும் ஆபத்து.

3. கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள். குதிரை ஓடினால் ஆளையும் இழுத்துப் போகும். மடித்துப் பிடியுங்கள். கட்டும்போது, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள்.

4. குளம்பு பார்க்கையில் தரையில் உட்காராதீர்கள். குனிந்து நின்றால்தான் சட்டென்று விலகலாம். வெறுங்காலோடு கிட்டே போகாதீர்கள்.

5. வண்டியில் பூட்டியிருக்கும்போது கடிவாளத்தைக் கழற்றாதீர்கள். முதலில் வண்டியை அவிழ்த்துவிட வேண்டும்.

6. குழந்தைகளைக் குதிரையருகே தனியே விடாதீர்கள். தீனி கொடுக்க ஆசைப்பட்டால் உள்ளங்கையை விரித்து நீட்டச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.

மனைவி கர்ப்பமாக இருந்தால்

தீனி வைப்பதும், லாயம் கூட்டுவதும், குதிரையைப் பிடிப்பதும் கணவர் வேலையாகட்டும். "அஞ்சு வருஷமா நான்தானே பாத்துக்கிறேன்" என்று மனைவி சொன்னாலும் விட வேண்டாம். வயிற்றில் அடியோ இடியோ பட்டால், வலி இல்லாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரத்தம் படுதல், நீர் கசிதல், குழந்தையின் அசைவு குறைதல் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

ரண ஜன்னி

ரண ஜன்னிக் கிருமி மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் இருக்கிறது. சிறு ஆணிக் காயத்தின் வழியாகவும் உள்ளே புகும். தாடை இறுகி, உடம்பு வில்லாய் வளையும். தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் வரும் ரண ஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்ட நிலையை எட்டியதாக 2015-ல் அறிவிக்கப்பட்டது. தடுப்பூசியும் சுத்தமான பிரசவமுமே இதற்குக் காரணம். கிருமி மட்டும் மண்ணை விட்டுப் போகவில்லை. ஆகவே:

கர்ப்பம் தெரிந்ததும் ஒரு டி.டி. ஊசி, 4 வாரம் கழித்து இரண்டாவது ஊசி போட்டுக்கொள்ளுங்கள். 3 வருடத்துக்குள் முன்பே இரண்டும் போட்டிருந்தால் ஒன்று போதும். பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கட்டும். தொப்புள் கொடியில் சாணம், சாம்பல், எண்ணெய் எதுவும் தடவக் கூடாது. லாயத்திலிருந்து வருகிறவர் சோப்புப் போட்டுக் கை கழுவி, துணி மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஊசிகளை அட்டையில் குறித்தபடி தவறாமல் போடுங்கள். வேலை செய்கிற ஆண்களும் போட்டுக்கொள்ள வேண்டும்.

அடி பட்டால்

காயத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். இரத்தம் கொட்டினால் முதலில் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். காப்பித்தூள், சுண்ணாம்பு வைக்காதீர்கள். குதிரை கடித்திருந்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி டாக்டரிடம் போங்கள். வெறிநோய் குதிரைக்கும் வரும்.

தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தாலோ, தூங்கி விழுந்தாலோ, வலிப்பு வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். கழுத்து, முதுகில் அடி என்றால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

குதிரைக்கு மூக்கில் சளி ஒழுகி, உடம்பில் கட்டிகள் உடைந்து புண்ணானால் கால்நடை மருத்துவரிடம் தெரிவியுங்கள். கிளாண்டர்ஸ் என்னும் நோயாக இருந்தால் மனிதருக்கும் தொற்றும்.

சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் சுகாதாரச் செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள்.

குதிரைக்குக் கடிவாளம், குடும்பத்துக்குக் கவனம்!