அனுப்பிய கடிதமும் முப்பது விநாடியும்

வில்லினின்று புறப்பட்ட அம்பு மீளாது என்பார்கள். அஞ்சற்பெட்டியில் விழுந்த கடிதத்துக்கும் அதுவே விதி. மின்னஞ்சலில் மட்டும் அவ்விதி சற்றே தளர்ந்திருக்கிறது.

ஜிமெயிலில் கடிதத்தை அனுப்பியவுடன் திரையின் அடியில் 'அன்டூ' என்னும் சொல் தோன்றும். அதனைத் தொட்டால் கடிதம் நம்மிடமே திரும்பும். இது மாயமன்று, கடிதம் அதுவரை புறப்படவேயில்லை. வழக்கமாக 5 விநாடி அது நிறுத்திவைக்கப்படுகிறது. கணினியில் ஜிமெயிலின் அமைப்புகள் பகுதிக்குச் சென்று, அதனை 10, 20 அல்லது 30 விநாடியாக நீட்டிக்கொள்ளலாம். அவ்வவகாசமும் கடந்தால் மீட்க வழியில்லை.

இதனை நான் அறியாதிருந்த காலம். உடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவரைக் குறைகூறி, நண்பர் ஒருவருக்கு மட்டும் மறுமொழி எழுதினேன். கை தவறி 'அனைவருக்கும் பதில்' என்பதைத் தொட்டுவிட்டேன். நாற்பது பேர் படித்தனர்; அவரும் படித்தார். மறுநாள் அவர் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டேன். காப்பி கொடுத்து உபசரித்தார். ஆயினும் பழைய பேச்சு திரும்பவில்லை.

ஆகவே நேயர்களே, இரண்டு பழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள். பெறுநர் முகவரியை இறுதியில் இடுங்கள். முகவரியில்லாக் கடிதம் விரல் தவறினாலும் போகாது. பலருக்கு ஒரே செய்தியை அனுப்புங்கால், முகவரிகளை 'பி.சி.சி.' கட்டத்தில் எழுதுங்கள். ஒருவர் முகவரியை மற்றவர் காணார். ஒருவர் எழுதும் பதிலும் மற்றவர்க்குச் செல்லாது.

முப்பது விநாடி சிறுபொழுதே. எனினும், சினத்தில் எழுதிய ஒரு வரியை மீண்டும் படித்துப் பார்க்க அது போதும்.