"கூட யாரு வந்திருக்கா?"

கூரைக்கு வெளியே – 9

சென்ற வாரம் மேம்பாலத்தடியில் குடும்பத்தோடு வாழ்பவர்களைப் பார்த்தோம். இந்த வாரம், குடும்பமே இல்லாமல் தனியாக நிற்கும் பிள்ளைகள்.

பெங்களூரு சிட்டி ரயில் நிலையத்துக்கு இன்று கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணாவின் பெயர். எதிரே மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு. தமிழ்நாட்டிலிருந்து வீட்டைவிட்டுக் கிளம்பும் பையன்கள் பலருக்கு இந்த ஊரில் முதலில் தெரிவது இவை இரண்டும்தான். ஜோலார்பேட்டையில் ரயிலேறினால் குப்பம், பங்காருபேட்டை தாண்டிச் சில மணி நேரத்தில் வந்துவிடலாம். கையில் காசு வேண்டும் என்றுகூட இல்லை.

இவர்களைப் பற்றி எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: "ஓடிவந்துட்டான்." டீக்கடைக்காரரும் அதையே சொல்கிறார், ஊரில் இருக்கும் சித்தப்பாவும் அதையே சொல்கிறார். அந்த வார்த்தையில் பழி முழுவதும் பையன் தலையில் விழுகிறது. ரயிலேறிய அந்த ஒரு ராத்திரி மட்டும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, அதற்கு முந்தைய இரண்டு மூன்று வருஷம் தெரிவதில்லை.

அந்த வருஷங்களைத்தான் பார்க்க வேண்டும். அம்மா இறந்திருப்பாள், அல்லது அப்பா குடித்துவிட்டு அடிப்பார். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிய குடும்பம் பாதி வருஷத்தில் ஊரைக் காலி செய்திருக்கும். திரும்பி வரும்போது பள்ளியில் இரண்டு மாதப் பாடம் ஓடியிருக்கும். வகுப்பு வாசலில் ஆசிரியர் சொல்வார்: "போய் அப்பாவைக் கூட்டிட்டு வா." கூட்டிவரும் நிலையில் அப்பா இருந்திருந்தால் அவன் ஏன் இரண்டு மாதம் லீவு போட்டிருப்பான்? மறுநாள் அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவான். பள்ளிக்குப் போக மாட்டான்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. வயதுச் சான்றிதழ் இல்லை என்று சேர்க்க மறுக்கக் கூடாது. டி.சி. வரத் தாமதம் என்று நிறுத்திவைக்கக் கூடாது. விட்டுப்போனவனை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி தர வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அது எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பையன்களுக்குப் பள்ளி கைநழுவுவதோ பெரும்பாலும் ஒன்பதாவதில். தர்மபுரியிலிருந்து வந்தவனுக்குப் பெங்களூரில் இன்னொரு தடையும் உண்டு: அக்கம்பக்கத்துப் பள்ளியில் பாடம் கன்னடத்தில் நடக்கும்.

பிளாட்பாரத்தில் முதல் சில நாட்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. 1992-இல் ராய்ச்சூரில் தொடங்கிய 'சாத்தி' அமைப்பின் வேலை முழுவதும் இந்த அனுபவத்தின்மேல் எழுந்தது. பையன் வந்து இறங்கிய கையோடு யாராவது பேசினால் வீட்டுக்குத் திரும்ப மனம் இருக்கும். மாதங்கள் போனால் பிளாட்பாரமே அவனுக்கு வீடாகிவிடும். நாள்பட்டவர்களை ஏறக்குறைய ஒரு மாதம் முகாமில் வைத்து, விளையாட்டும் பேச்சுமாக வீட்டு நினைப்பை மெல்ல மீட்டெடுப்பார்கள். அதற்கும் முன்னால், 1980-இல், சலேசிய சபையின் இறையியல் மாணவர்கள் குப்பை பொறுக்கும் பையன்களோடு தெருவில் உட்கார்ந்து பேசத் தொடங்கியதில் பிறந்தது 'பாஸ்கோ'. அதன் முழுப்பெயர் பெங்களூர் ஓணியவர சேவா கூட்டா. கன்னடத்தில் ஓணி என்றால் சந்து. சந்துக்காரர்களுக்கான சேவைக்குழு என்று அவர்களைப் பெயரிலேயே முன்னால் நிறுத்தியது எனக்குப் பிடித்திருக்கிறது.

யாரும் வந்து பேசாத பையனுக்குப் பேச்சுத்துணையாகக் கிடைப்பது சொல்யூஷன். டயர் பஞ்சர் ஒட்டும் அதே பசைதான். துணியில் தடவி மூக்கில் வைத்து இழுத்தால் பசி மறக்கும், டிசம்பர் மாதத்துப் பெங்களூரு ராத்திரியின் குளிரும் மறக்கும். அவன் அதைத் தேடிப்போவது இந்த இரண்டுக்காகவும்தான். அதிலுள்ள டொலுயீன் மாதக்கணக்கில் உள்ளே போகும்போது மூளையின் நரம்பிழைகளைக் கெடுக்கிறது. ஞாபகம் தளர்கிறது, கவனம் நிற்பதில்லை. பிறகு எந்த நல்ல மனிதர் கொண்டுபோய் வகுப்பில் உட்காரவைத்தாலும் அவனால் ஒரு பாராவை முழுதாகப் படிக்க முடியாது. "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று அதற்கும் அவனையே குற்றம் சொல்வோம்.

காயமோ காய்ச்சலோ முற்றி மருத்துவமனைக்குப் போனால் அங்கே முதல் கேள்வி, "கூட யாரு வந்திருக்கா?" சீட்டு எடுக்க, மருந்து வாங்க, ஸ்ட்ரெச்சர் தள்ள, கையெழுத்துப் போட எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் வேண்டும் என்ற எண்ணத்தில்தான் நம் வார்டுகள் நடக்கின்றன. இல்லையென்றால் அவன் புண்ணோடு பிளாட்பாரத்துக்கே திரும்புவான்.

பதினெட்டு வயதுவரைக்குமாவது சட்டம் கூட நிற்கிறது. தனியாகத் தவிக்கும் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். குழு அவனை இல்லத்தில் சேர்க்கும். பதினெட்டு முடிந்த மறுநாள் என்ன ஆகிறது? 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் 46-ஆவது பிரிவு, இல்லத்தைவிட்டு வெளியேறுபவருக்கு நிதி உதவி "வழங்கலாம்" என்கிறது. வழங்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லில் எத்தனை பிள்ளைகள் நழுவிப்போகிறார்கள்! மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இவர்களுக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. பெங்களூரில் ஒற்றை அறைக்குக்கூடப் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது வழக்கம். ஆறாயிரம் ரூபாய் வாடகை என்றால் அறுபதாயிரம் வேண்டும். இங்கிலாந்தில் இப்படி வெளியேறுபவர்களுக்கு 25 வயதுவரை ஆலோசகர் ஒருவரின் துணையைச் சட்டமே உறுதி செய்திருக்கிறது. நம் சட்டமோ இருபத்தொன்றோடு பொதுவாகக் கைகழுவுகிறது.

பெரியவர்களுக்கான இரவுக் காப்பகம் இருக்கிறதே என்பீர்கள். ஒரு லட்சம் பேருக்கு ஒன்று என்பது உச்ச நீதிமன்றம் வலியுறுத்திய அளவு. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி பெங்களூரு மாநகராட்சி எல்லைக்குள் 84 லட்சம் பேர். அப்போதே 84 காப்பகங்கள் வேண்டும். அப்படியே இருந்தாலும், குடியும் சண்டையுமாகக் கழியும் ஒரு கூடத்தில் பதினெட்டு வயதுப் பையனையோ பெண்ணையோ படுக்கச் சொல்வது பாதுகாப்பல்ல. பெண் பிள்ளைகள் பிளாட்பாரத்தில் கண்ணில் படுவதே குறைவு. அவர்களை வேறு ஆட்கள் முந்திக்கொண்டு கூட்டிப்போய்விடுகிறார்கள். இதை எழுதும்போது கை கூசுகிறது.

பெங்களூரில் வீடு வைத்திருக்கும் வாசகர்கள் சொத்து வரி ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 1975-ஆம் ஆண்டின் பிச்சை ஒழிப்புச் சட்டப்படி மூன்று சதவீதம் தனி வரி அதில் இருக்கும். மாகடி சாலை சுமனஹள்ளியில் உள்ள நிராஸ்ரிதர் (ஆதரவற்றோர்) மையம் அந்தச் சட்டத்தின்கீழ் நடப்பது. 2010 ஆகஸ்டில் அங்கே அடைக்கப்பட்டிருந்தவர்கள் அடுத்தடுத்து இறந்தது மாநிலத்தையே உலுக்கியது. ஆளைப் பிடித்து அடைக்க வரி வசூலிக்கத் தெரிந்த நகரம், பதினெட்டு வயதுப் பிள்ளையின் அட்வான்ஸுக்கு அதில் ஒரு பங்கை ஒதுக்கச் சட்டத்தைத் திருத்தட்டும்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்டேஷனில் தனியே நிற்கும் பிள்ளையைப் பார்த்தால் காசு கொடுத்துவிட்டு நகராதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள், ஆள் வரும்வரை பக்கத்தில் நில்லுங்கள். உங்கள் மாடி அறை காலியாக இருந்து, இல்லத்தில் வளர்ந்த ஒரு பிள்ளை வாடகைக்குக் கேட்டு வந்தால், "அப்பா என்ன பண்றார்?" என்ற கேள்வியைத் தயவுசெய்து கேட்காதீர்கள். சம்பளச் சீட்டைப் பாருங்கள், இரண்டு மாத அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.