கல்பாக்கம் என்று சொன்னால்தான் தெரியும்

சென்னையில் யாராவது ஊர் கேட்டால் புதுப்பட்டினம் என்பேன். "சீர்காழிப் பக்கமா?" என்பார்கள். அங்கேயும் ஒரு புதுப்பட்டினம் உண்டு. "இல்லைங்க, கல்பாக்கம்" என்றதும்தான் முகம் தெளியும். குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் தையல்கடை பில் புத்தகத்திலேயே 'புதுப்பட்டினம், கல்பாக்கம்' என்றுதான் அடித்திருக்கிறேன்.

மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 15 கிலோமீட்டர். 1983-ல் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியபோது நான் அண்ணன் கடையில் காஜா எடுக்கிற பையன். உலை ஊழியர்களுக்கான டவுன்ஷிப்புக்கு எந்தெந்த ஊரிலிருந்தோ ஆட்கள் வந்தார்கள். வங்காளத்துக்காரர் ஒருவர் 'பஞ்சாபி' தைக்கச் சொன்னார். பாதி வெட்டிய பிறகுதான் அவர்கள் ஜிப்பாவை அப்படிச் சொல்வார்கள் என்று புரிந்தது. துணி போச்சு, அண்ணன் கையால் அடியும் கிடைத்தது.

பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை இருக்கிறது. அதற்கு வழி கேட்டு வருகிறவர்களிடம், "அவங்களும் துணிக்காகத்தான் வந்தாங்க" என்பேன். அந்தக் காலத்தில் அங்கே நெய்த மெல்லிய மஸ்லின் கப்பலேறிப் போனது. கோட்டைக்குள் கிடக்கும் கல்லறைப் பலகைகளில் எழுத்தைச் சுற்றிச் செதுக்கியிருப்பதைப் பார்த்தால், கல்லில் எம்பிராய்டரி போட்ட மாதிரி இருக்கும். 1781-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். மறு வருஷம் பிப்ரவரியில் அவர்களும் பிரெஞ்சுக்காரர்களும் எதிரே கடலில் மோதினார்கள். 1824 ஒப்பந்தத்தோடு டச்சுக்காரர் கதை முடிந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. டவுன்ஷிப்புக்குள் கடல் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். பொங்கலுக்குத் தைக்கக் கொடுத்த ஒரு ரவிக்கையை வாங்க யாரும் வரவில்லை. கேட்டு அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. இன்னும் பீரோவில் இருக்கிறது.

தெற்கே கொஞ்ச தூரத்தில் வயலூர். பாலாறு கடலில் சேருகிற இடம். பெரும்பாலும் மணல்தான் கண்ணில் படும். அங்கே கோயிலில் ராஜசிம்ம பல்லவன் தன் முன்னோர் பெயர்களை வரிசையாக வெட்டிவைத்த தூண் இருக்கிறது; ஆயிரத்து முந்நூறு வருஷம் இருக்கும். மாமல்லபுரம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் என்னிடம் கோட்டைக்கு வழி கேட்பார்கள், நல்ல மீன் கடை கேட்பார்கள். வயலூருக்கு இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.