விளக்கொளியில் வாழும் கடற்சாமந்தி

கடலடியிலே பூத்த மலரென்று கண்டோர் மயங்கும் உயிரொன்று உண்டு. கடற்சாமந்தி என்பது அதன் பெயர். பாறையைப் பற்றி நிற்கும் தடித்த தண்டும், அதன் தலையில் வட்டமாய் விரிந்து நீரோட்டத்துக்கேற்ப அசையும் இதழ்களும் அம்மயக்கத்தை உண்டாக்குகின்றன. ஆயினும் அது பூவன்று, விலங்கு. இதழ்போலத் தோன்றுபவை இரையைத் தீண்டிப் பிடிக்கும் பரிசக் கொம்புகள். நடுவிலுள்ள துளையே வாய். கழிவு வெளியேறும் வழியும் அதுவே. கிரேக்க அறிஞரான அரிஸ்டோட்டில் இத்தகைய உயிர்களைத் தாவரத்துக்கும் விலங்குக்கும் இடைப்பட்டனவாகக் கருதினார். உயிர்களை அறிவின் அளவாற் பகுத்த தொல்காப்பியர், புல்லையும் மரத்தையும் தொட்டறியும் ஓரறிவுயிர்களாக வைத்தார். தொட்டும் சுவைத்தும் இரையறியும் கடற்சாமந்தி அப்பகுப்பில் ஒரு படி மேலே நிற்கும். எனினும், தாவரமோ விலங்கோ என்று பண்டையோர் கொண்ட ஐயம் முற்றும் பொருளற்றதன்று. வெப்பக் கடல்களில் வாழும் சாமந்திகள் பலவற்றின் உடலுக்குள்ளே, தாவரம்போல் ஒளியை உண்டு வாழும் ஒரு தோட்டம் மறைந்திருக்கின்றது. கண்ணாடித் தொட்டியில் இவ்வுயிரை வளர்க்க விரும்புவோர் முதலில் அறியவேண்டியது இதுவே.

கடலுயிரைத் தொட்டியில் வளர்க்கும் வழக்கம் புதியதன்று. 1853ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சிக் கூடம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பிலிப் ஹென்றி கொஸ் என்னும் இயற்கையறிஞர் ‘அக்குவாரியம்’ என்ற நூலை வெளியிட்டார். அதன்பின் இங்கிலாந்தின் இல்லங்களில் கடற்சாமந்தி வளர்ப்பது ஒரு பெருவிருப்பாயிற்று. அவர்கள் வளர்த்தவை குளிர்கடற் சாமந்திகள். அவற்றுட் பல இரையை மட்டும் நம்பி வாழ்வன. சாளரத்தினூடே வரும் வெளிச்சமே அவற்றுக்குப் போதும். சேர் ஜோன் டாலியல் என்பவர் 1828இல் ஸ்கொத்லாந்துக் கரையோரத்தில் எடுத்த சாமந்தியொன்று, அவர் 1851இல் மறைந்த பின்னரும் பிறர் கைகளில் வளர்ந்து, 1887இலேயே மாண்டது. ‘பாட்டி’ என்னும் செல்லப்பெயர் பெற்ற அவ்வுயிர், மனிதர் பராமரிப்பில் மட்டும் 59 ஆண்டுகள் வாழ்ந்தது. தன்னை எடுத்தவரிலும் நெடுநாள் வாழவல்ல உயிர் இது என்பதை அவ்வரலாறு காட்டுகின்றது.

இக்காலத்தில் வீடுகளில் விரும்பப்படுவது வெப்பக்கடற் சாமந்தியும் அதனோடு கூடி வாழும் கோமாளி மீனும் ஆகும். செம்மஞ்சள் உடலில் வெண்பட்டைகள் தாங்கிய இம்மீனை, 2003இல் வெளிவந்த ‘பைண்டிங் நீமோ’ என்ற சித்திரத் திரைப்படத்தின் வாயிலாகக் குழந்தைகளும் அறிவர். கோமாளி மீனில் ஏறத்தாழ 30 இனங்கள் உள்ளன. கடற்சாமந்தியிலோ ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் இருப்பினும், இம்மீனுக்கு இல்லம் அளிப்பவை சுமார் பத்தே. சீனக் கடலில் பெருஞ்சாமந்திகளுக்குள்ளே மீன்கள் வாழ்வதைக் கண்ட கத்பேட் கொலிங்வூட் என்பவர், அச்செய்தியை 1868இல் அறிவியல் உலகுக்கு எழுதினார். இலங்கைக்கும் இவ்வரலாற்றில் ஓரிடம் உண்டு. ஜோன் விட்சர்ச் பெனற் என்பவர் இலங்கைக் கரையோர மீன்களைப் பற்றி வெளியிட்ட படநூலில், 1830இல் விவரிக்கப்பட்ட மீனொன்றே இன்று கிளாக்கின் கோமாளி மீன் என்று உலகெங்கும் அறியப்படுகின்றது. தன் இனத்தார் எவரினும் கூடுதலான வகைச் சாமந்திகளோடு ஒத்து வாழவல்லது அம்மீன்.

சாமந்தியின் கொம்புகளில் எண்ணற்ற நுண்பைகள் உள்ளன. ஒவ்வொன்றினுள்ளும் நச்சு முள்ளொன்று சுருண்டு கிடக்கும். வேற்று மீன் தீண்டிய கணமே அவை பாய்ந்து தைக்கும். கோமாளி மீன் மட்டும் அங்கே அச்சமின்றி உறங்குகின்றது. புதிய சாமந்தியை அடைந்த மீன் முதலிற் சற்றே தொட்டு விலகி, மீண்டும் மீண்டும் நெருங்கிப் பழகிய பின்னரே உள்ளே புகுவதை, டவன்போட், நொரிஸ் என்னும் இரு ஆய்வாளர் 1958இல் விவரித்தனர். மீனின் உடலைப் போர்த்திருக்கும் வழுவழுப்பான பூச்சே அதற்குக் காப்பு. முட்களைத் தூண்டவல்ல சயாலிக் அமிலம் என்னும் பொருள் அப்பூச்சில் மிகக் குறைவாக உள்ளதென்று அண்மைக்கால ஆய்வுகள் கூறுகின்றன. இவ்வாறு அடைக்கலம் பெற்ற மீன், கொம்புகளைக் கடித்துண்ண வரும் பிற மீன்களைத் துரத்தி நன்றிக்கடன் தீர்க்கின்றது. இரவில் கொம்புகளிடையே உடலை அசைத்து, ஒட்சிசன் நிறைந்த நீரை உட்புகவும் செய்கின்றது.

இவ்விருவர் நட்பைப் பலரும் அறிவர். மூன்றாவது நண்பரை அறிந்தோர் சிலரே. சாமந்தியின் உடற்கலங்களுக்குள்ளே பொன்னும் பழுப்பும் கலந்த நிறமுடைய நுண்பாசிகள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. ஒளியையும் காபனீரொட்சைட்டையும் கொண்டு அவை சர்க்கரை முதலிய உணவுகளை ஆக்குகின்றன. அவற்றிற் பெரும்பங்கைச் சாமந்திக்கு வழங்குகின்றன. மீனின் கழிவிலுள்ள அமோனியா அப்பாசிகளுக்கு உரமாகின்றது. மீன் உரமிட, பாசி பயிராக, சாமந்தி நிலமாக, மூவரும் ஒரு குடும்பம்போல் வாழ்கின்றனர். இக்குடும்பத்தின் அன்றாட ஊண் ஒளியே. இறால் துண்டு ஒன்றை வாரத்துக்கு ஓரிருமுறை கொடுப்பது நன்றே. ஆனால் அது பக்கத்துணைக் கறியன்றிச் சோறாகாது.

ஆகவே தொட்டியின் மேலே தொங்கும் விளக்கு அழகுக்காக அமைந்ததன்று. அடுப்பும் உலையும் அதுவே. எத்தகைய ஒளி வேண்டும் என்பதே அடுத்த வினா. சூரிய ஒளியிற் பல நிறங்கள் கலந்துள்ளன. கடல்நீர் அவற்றை ஒரே வகையாக உட்செல்ல விடுவதில்லை. செந்நிறம் முதற் சில மீற்றர் ஆழத்திலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும். தெளிந்த கடலில் நெடுந்தூரம் இறங்குவது நீலமே. முருகைக்கற் பாரின் பாசிகள் அந்த நீலத்தையே சிறப்பாகப் பயன்படுத்துமாறு அமைந்துள்ளன. 400 முதல் 500 நனோமீற்றர் வரையான அலைநீளங் கொண்ட ஒளியை அவற்றின் நிறப்பொருள்கள் விருப்புடன் ஏற்கின்றன.

முன்னைய வளர்ப்பாளர் 250 அல்லது 400 வாற்று வலுவுள்ள பெருங்குமிழ்களைத் தொட்டிக்கு மேலே தொங்கவிட்டனர். ஒளி கிடைத்தது, அதனோடு பெரும் வெப்பமும் வந்தது. நீரைக் குளிர்விக்க வேறோர் இயந்திரம் தேவைப்பட்டது. எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயி அந்நிலையை மாற்றிற்று. 1962இல் நிக் ஹொலொனியாக் கண்ணுக்குத் தெரியும் செவ்வொளி தரும் இருவாயியை ஆக்கினார். ஆனால் நல்ல பிரகாசமான நீல ஒளி தரும் இருவாயிக்கு உலகம் மேலும் முப்பது ஆண்டுகள் காத்திருந்தது. 1990களின் முற்பகுதியில் அதனைச் சாதித்த இசாமு அக்காசாக்கி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நக்கமூரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வீட்டு விளக்குகளுக்காகக் கொண்டாடப்பட்ட அந்த நீலமே, பாசிகள் வேண்டும் நீலமுமாய் அமைந்தது. குறைந்த மின்சாரத்தில், நீரை மிகச் சூடேற்றாமல், வேண்டிய நிறத்தை வேண்டிய அளவில் தரும் வசதி அவ்வாறு கைக்கு வந்தது.

இங்கேதான் வளர்ப்போர் பலர் இடறி விழுகின்றனர். மனிதக் கண் பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்ட ஒளியையே மிகுதியாக உணரும். ஆழ்ந்த நீலத்தைக் குறைவாகவே உணரும். எனவே நீல விளக்கின் கீழுள்ள தொட்டி பார்ப்பவருக்கு அந்திவேளைபோல் மங்கித் தோன்றும். ஒளி போதாதென்று எண்ணி அவர் விளக்கின் வலுவை ஏற்றுவார். பாசிகளுக்கோ அப்போதே நடுப்பகல். தாங்கும் அளவை மீறிய ஒளி விழும்போது பாசிகளில் நச்சுத்தன்மையுள்ள ஒட்சிசன் வகைகள் உண்டாகின்றன. அத்தீங்கிலிருந்து தப்புதற்குச் சாமந்தி தன் பாசிகளையே வெளியேற்றிவிடும். மறுபுறம், கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் மலிவான வெள்ளை விளக்கின் கீழ்ப் பாசிகள் பட்டினி கிடப்பதும் உண்டு. கண்ணை நம்பி ஒளியை அளத்தல், நாவை நம்பி மருந்தை அளத்தலை ஒக்கும். பாசிகள் பயன்படுத்தும் ஒளியை அளப்பதற்கென்றே கருவிகள் உள்ளன. அவை கிடைக்காதவர் விளக்கை முழுவலுவில் மூன்றிலொரு பங்களவிற் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாக உயர்த்தி, ஒரு திங்களுக்கு மேலாகப் பழக்குதல் நலம். நாளொன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணிநேர ஒளி போதும். இருளும் அவ்வுயிருக்குத் தேவை.

சாமந்தி தன் இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். ஒளியோ நீரோட்டமோ பொருந்தாவிடின் அடிப்பாதத்தால் ஊர்ந்து வேறிடம் செல்லும். அப்பயணத்தில் நீரோட்ட இயந்திரத்துள் அகப்பட்டுச் சிதைவதே தொட்டிச் சாமந்திகளுக்கு நேரும் பெரும் விபத்து. ஆதலால் இயந்திர வாய்களுக்கு வலையோ பஞ்சோ இட்டு மறைத்தல் வேண்டும். சாமந்தி இறந்து அழுகினால் நீர் முழுவதும் நஞ்சாகி, ஏனைய உயிர்களும் மாளலாம். புதுத் தொட்டியில் அதனை உடனே விடுதல் தகாது. அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் பெருகி, நீர் நிலைபெறும்வரை ஆறு திங்களேனும் பொறுத்தல் வேண்டும். வெப்பநிலை 25 முதல் 27 பாகை செல்சியசுக்குள்ளும், உப்பு ஆயிரத்துக்கு 35 பங்களவிலும் மாறாதிருத்தல் நன்று. மீன்நோய் மருந்துகள் சிலவற்றிலுள்ள செம்பு, சாமந்திக்கு ஆகாது. மின்சாரம் தடைப்படும்போது எதற்கு முதலிடம் என்பதையும் எண்ணிவைத்தல் வேண்டும். 2022இல் இலங்கையில் நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டு நிலவியதை எவரும் மறந்திலர். விளக்கு ஒருநாள் அணைந்திருப்பதைச் சாமந்தி பொறுக்கும். காற்றும் நீரோட்டமும் நின்று ஒட்சிசன் குறைவதை மீன் பொறாது. மின்கலத்தால் இயங்கும் காற்றுக் குழாய் ஒன்று அவ்வேளையில் உயிர் காக்கும்.

கடைத்தொட்டிகளிற் சிலவேளை தூய வெண்ணிறச் சாமந்திகள் காணப்படும். வாங்குவோர் அவ்வெண்மையை அழகென்று எண்ணி விலை கொடுப்பர். அது பெரும்பாலும் பாசியிழந்து பட்டினியில் வெளுத்த உயிரின் நிறம். அவ்வெளுப்பை மறைக்கச் சாயமூட்டி விற்பதும் உண்டு. கடல் மிகச் சூடேறிய 1998இலும் 2016இலும் இலங்கையின் முருகைக்கற் பார்கள் வெளுத்ததும் இதே காரணத்தாலேயே. நலமுள்ள சாமந்தி பழுப்பு, பச்சை, செந்நிறம் ஆகியவற்றுள் ஒன்று கலந்திருக்கும். வாய் இறுக மூடியிருக்கும். தொட்டால் கொம்பு ஒட்டும். இவற்றை அறிந்தவரை வணிகரின் வருணனை ஏமாற்றாது.

இனி, இவ்விருவரையும் ஒருங்கே வளர்த்தல் இன்றியமையாததா என்பதையும் ஆராய்தல் தகும். கடலில் கோமாளி மீனுக்குச் சாமந்தியன்றி வாழ்வில்லை. பகைமீன்கள் உடனே விழுங்கிவிடும். பகையற்ற தொட்டியிலோ சாமந்தி இன்றியும் அது நலமாய் வாழும். முட்டையிட்டுக் குஞ்சும் பொரிக்கும். இம்மீன்கள் யாவும் ஆணாகவே வாழ்வைத் தொடங்கும். கூட்டத்தில் தலைமைபெற்ற மீனே பெண்ணாகும் என்பதை ஹான்ஸ் பிரிக்கே, சிமோன் பிரிக்கே என்னும் ஆய்வாளர் 1977இல் எடுத்துக்காட்டினர். எனவே இளமீன் இரண்டைச் சேர்த்து வளர்த்தால் அவையே இணையாகிவிடும். இவ்வாறு தொட்டியிலே பிறந்த மீன்கள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன.

சாமந்தியின் நிலை வேறு. தொட்டியிற் பிளந்து பெருகும் குமிழ்நுனிச் சாமந்தி போன்ற ஒருசிலவற்றை நீக்கினால், விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் கடலிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவை. நெடுநாள் வாழும் அவ்வுயிர் ஒன்றை எடுத்த இடத்தில் இன்னொன்று விரைந்து தோன்றுவதில்லை. அங்கே வாழ்ந்த மீன்களும் வீடிழக்கும். பிலிப்பைன்ஸ் நாட்டின் சேபு பகுதியில் நிகழ்ந்து 2005இல் வெளியான ஆய்வொன்று, சேகரிப்பு மிகுந்த பார்களில் சாமந்தியும் கோமாளி மீனும் குறைந்திருப்பதைக் கண்டது.

ஆதலால் முதன்முறை தொட்டி வைப்போர் தொட்டியிற் பிறந்த இணைமீனோடு நிற்பதே முறை. ஓராண்டு நீரைச் செவ்வனே காத்து, ஒளியின் இயல்பையும் கற்றபின், பிளந்து பெருக்கிய குமிழ்நுனிச் சாமந்தி ஒன்றைத் தேடிக் கொணரலாம். கடலிலே அவ்வுயிருக்குச் சூரியன் ஒருநாளும் தவறாது சோறிடுகின்றது. வீட்டுக்குக் கொண்டுவருபவர் அந்தச் சூரியனின் பொறுப்பைத் தாம் ஏற்கின்றார். பல ஆண்டுகள் அதனைத் தவறாது சுமக்க இயலுமாயின் தொட்டியில் விளக்கேற்றுக. இயலாதெனில் சாமந்தி கடலிலேயே இருக்கட்டும்.