மூலமும் உரையும்: நாள்வாசகமும் புனிதர் திருநாளும்

தமிழ்நூல் கற்பார் மூலத்தை உரையோடு சேர்த்துப் பயிலுதல் மரபு. மூலம் சுருங்கிய சொல்லால் நிற்கும்; உரை அதனை விரித்து, எடுத்துக்காட்டுத் தந்து, ஐயம் அகற்றும். கத்தோலிக்கத் திருச்சபையார் நாள்தோறும் பூசையில் வாசிக்கப்பெறும் வேதவாசகத்தையும், அந்நாளில் நினைவுகூரப்பெறும் புனிதரையும் சேர்த்துத் தியானித்தல் இம்முறையை ஒத்ததென்பது எம் கருத்து. வேதவாசகம் மூலம், புனிதர் வாழ்வு அதன் உரை. இவ்விரண்டும் ஒரே நாளில் எங்ஙனம் வந்து கூடுகின்றன, அதனால் விளையும் பயன் யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் மூலத்தைக் காண்போம். 1570ஆம் ஆண்டில் ஐந்தாம் பத்திநாதர் என்னும் பாப்பரசர் வெளியிட்ட பூசைப் புத்தகத்தின்படி, ஞாயிற்றுக்கிழமைகளுக்குரிய வாசகங்கள் ஆண்டுதோறும் அவையே மீண்டு வந்தன. வேதாகமத்தின் கருவூலம் விசுவாசிகளுக்கு இன்னும் மிகுதியாகத் திறக்கப்படல் வேண்டுமென 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் விதித்தது. அதற்கிணங்க 1969இல் புதிய வாசக ஒழுங்கு வெளிவந்தது. இதன்படி ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டு வட்டமாயின: முதலாண்டு மத்தேயு, இரண்டாமாண்டு மாற்கு, மூன்றாமாண்டு லூக்காஸ். அருளப்பர் சுவிசேஷம் பெரும்பாலும் தபசு காலத்தின் பிற்பகுதிக்கும் பாஸ்கா காலத்திற்கும் உரியதாயிற்று. இத்தகைய சிறப்புக் காலங்கள் நீங்கலாக எஞ்சிய வாரங்களைப் பொதுக்காலம் என்பர். அக்காலத்துக் கிழமை நாள்களில் முதல் வாசகம் ஈராண்டு வட்டமாகச் செல்லும். சுவிசேஷமோ ஆண்டுதோறும் ஒன்றே. முதல் 9 வாரங்கள் மாற்கும், 10 முதல் 21 வரை மத்தேயுவும், 22 முதல் 34 வரை லூக்காஸும் வாசிக்கப்பெறுவர். வாசகங்கள் இங்ஙனம் தொடர்ந்து வருதலின், தியானிப்போன் தனக்கு இனியவற்றை மட்டும் தேர்ந்துகொள்ள இயலாது. நெஞ்சைச் சுடும் பகுதியும் தன் முறை வந்தவுடன் எதிரே நிற்கும்.

இனி உரையைக் காண்போம். ஒருவர் பிறந்த நாளைக் கொண்டாடுதல் உலக வழக்கு. திருச்சபையோ, பெரும்பாலும் புனிதர் இறந்த நாளையே அவர்தம் பிறந்த நாளாகக் கொள்ளும். அன்று அவர் நித்திய வாழ்விற் பிறந்தார் என்பது கருத்து. இவ்வழக்கு மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டில் ஸ்மிர்னா நகர மேற்றிராணியார் பொலிக்கார்ப்பு வேதசாட்சியாய் மாண்டபின், அந்நகரச் சபையார் ஒரு நிருபம் விடுத்தனர். அவர் எலும்புகளை வைத்த இடத்திற்கூடி, அவர் சாட்சியத்தின் பிறந்தநாளைக் கொண்டாடுவோம் என்று அதிற் குறித்துள்ளனர். மண்ணிற் பிறந்த நாளும் கொண்டாடப்பெறுவோர், கிறிஸ்துநாதரையன்றி, தேவமாதாவும் ஸ்நாபக அருளப்பருமே. முன்னையது செப்டம்பர் 8, பின்னையது ஜூன் 24.

உரை எத்துணைச் சிறந்ததாயினும் மூலத்தை மறைத்தல் ஆகாது. 1969இல் திருநாட் பட்டியலைத் திருத்தியோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். மயிலையோடு பெயர் பிணைந்த அப்போஸ்தலர் தோமையாரின் திருநாள் முன்னர் டிசம்பர் 21 ஆகும். அது கிறிஸ்து பிறப்புக்கு முற்பட்ட நாள்களின் ஒழுங்கை இடைமுறித்தலின், ஜூலை 3க்கு மாற்றப்பெற்றது. தபசு காலத்திற் பெரிதும் வீழ்ந்த ஆசீர்வாதப்பர் திருநாளும் மார்ச் 21இலிருந்து ஜூலை 11க்குப் பெயர்ந்தது. சாதாரண நினைவுநாள்களிற் பெரும்பாலும் கிழமை வாசகமே நிலைபெறும்; புனிதர் அதனை விலக்காது அதன் அருகே நிற்பார்.

திருநாளின் தேதி நிலையானது. கிழமை வாசகமோ ஆண்டுதோறும் தேதி மாறுவது. ஆகலின் இரண்டும் எதிர்பாராத வகையிற் சந்திக்கும். அதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம்.

1647இல் லிஸ்பன் நகரிற் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, அருளானந்தர் என்னும் தமிழ்ப்பெயருடன் துறவிக் கோலம் பூண்டு மறவர் நாட்டில் உழைத்தவர். அவரால் திருமுழுக்குப் பெற்ற தடியத்தேவர், மனைவியருள் ஒருத்தியை மட்டும் வைத்து ஏனையோரை நீக்கினார். நீக்கப்பட்டவருள் ஒருத்தி சேதுபதிக்கு உறவினள். அவள் அரசனிடம் முறையிட்டாள். அதன் விளைவாக 1693 பெப்ருவரி 4இல் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டுண்டார். 1947இல் அவர் புனிதராகப் பிரகடனம் செய்யப்பெற்றார்.

2022இல் அத்தேதி பொதுக்காலம் 4ஆம் வார வெள்ளிக்கிழமையாய் அமைந்தது. கிழமை வரிசையில் அந்நாட்குரிய சுவிசேஷம் மாற்கு 6ஆம் அதிகாரம், 14 முதல் 29 வரை. அஃதாவது, ஏரோது அரசன் ஸ்நாபக அருளப்பரின் தலையை வெட்டுவித்த வரலாறு! ஒருவரும் திட்டமிட்டு அமைத்திலர். ஆயினும் பெயரிலே அருள், காரணத்திலே திருமணம், முடிவிலே வாள் என மூன்றும் ஒத்து நின்றன.

நல்லுரை ஒப்புமை காட்டுவதோடு அமையாது, வேறுபாட்டையும் காட்டும். ஏரோதியாள் முறையற்ற மணத்தைக் காத்தற்குப் பழி தீர்த்தாள். ஓரியூர் வரலாற்றிலோ, நீக்கப்பட்டவள் நாட்டு வழக்கின்படி மனைவியானவள். தன் பிழையாலன்றிப் பிறர் மனமாற்றத்தால் வாழ்விழந்தவள். அறத்தின்பொருட்டு உயிர் கொடுத்தவரைப் போற்றும்பொழுது, அவ்வறத்தின் விலையிற் ஒரு பங்கைக் கண்ணீராற் கொடுத்தவளையும் நாம் நினைத்தல் வேண்டாவோ? வாசகத்தைத் தனியே படித்திருப்பின் இவ்வினா எழாது. வரலாற்றைத் தனியே படிப்பினும் எழுதல் அரிது.

ஆதலின், நாட்டியானம் செய்ய விழைவார் முதலில் அன்றைய வாசகத்தை முழுதும் படிக்க. பின்னர்ப் புனிதர் வரலாற்றைக் காண்க. அதன்பின் இரண்டும் ஒத்த இடத்தையும் ஒவ்வாத இடத்தையும் நாடுக. அங்ஙனம் நாடுங்கால், அன்று தாம் செய்யக் கடவது யாது என்பது தோன்றும். புனிதர் எழுதிச் சென்ற உரை அவர் காலத்திற்குரியது. நம் காலத்திற்குரிய உரையை நாமே நம் செயலால் எழுதுதல் வேண்டும்.